தாயின் முழங்கால், மகளின் முழங்கால்

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் முழங்கால் தேஞ்சு போச்சு டாக்டர். அதனாலதான் எனக்கும் வந்துடுச்சா? என் பொண்ணுக்கும் வருமா?" ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் எலும்பு மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேடும் ஆராய்ச்சி 80 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. மரபணுவை நேரடியாகப் படிக்கும் வசதி வந்தபின், கடந்த 20 ஆண்டுகளில் அது பல மடங்கு பெருகிவிட்டது. இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு உறுதியாகப் படுவது ஒன்று உண்டு. முழங்கால் தேய்மானத்தில் மரபுக்கு உண்மையான பங்கு இருக்கிறது. ஆனால் அதை வைத்து ஒருவருக்கு நோய் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. மரபணு ஆராய்ச்சியின் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது. இந்த நோய் உடலில் எப்போது, எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்ட ஆரம்பித்திருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 52.8 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 36.5 கோடிப் பேருக்குப் பாதிப்பு முழங்காலில். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, பரிசோதிக்கப்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. குருத்தெலும்பு உராய்ந்து உராய்ந்து கரைந்துபோவதுதான் இந்த நோய் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மையில் இதில் மூட்டு முழுவதுமே பங்கெடுக்கிறது. குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள்போல் எலும்பு வளர்கிறது, மூட்டைச் சூழ்ந்த சவ்வு அழற்சி கொள்கிறது, குருத்தெலும்புச் செல்கள் பழுதுபார்க்க முயன்று தோற்கின்றன. உயிருள்ள திசுக்கள் இப்படி வேலை செய்யும் இடத்தில் மரபணுக்களுக்கும் வேலை இருக்கத்தான் செய்யும்.

முதல் தடயம் முழங்காலில் கிடைக்கவில்லை, விரல்களில் கிடைத்தது. விரல் நுனி மூட்டுகளில் வரும் புடைப்புகளை 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் விவரித்திருந்தார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஸ்டெச்சர் 1941இல் அந்தப் புடைப்புள்ள பெண்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். அவர்களுடைய தாய்மார்களிடம் அது மற்றப் பெண்களைவிட இரு மடங்கும், சகோதரிகளிடம் மூன்று மடங்கும் காணப்பட்டது. பிறகு 1963இல் கெல்கிரன், லாரன்ஸ், பியர் ஆகிய மூவரும் உடலின் பல மூட்டுகளில் பரவும் தேய்மானமும் குடும்பங்களில் தொடர்வதைக் காட்டினார்கள். இன்றும் எக்ஸ்ரேயைப் பார்த்து மூட்டுக்கு 0 முதல் 4 வரை தரம் போடும் முறை கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் 1957இல் வகுத்ததுதான்.

குடும்பத்தில் தொடர்வது எல்லாம் மரபணுவால்தான் தொடர்கிறது என்று கொள்ள முடியாது. ஒரே சமையல், ஒரே மாதிரி வேலை, ஒரே உடல்வாகு, ஒரே வறுமை அல்லது வசதி, இவையும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. இரண்டையும் பிரிக்க இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்று. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் ஒன்று. வளரும் வீடு இரு வகையினருக்கும் ஒன்றே. டிம் ஸ்பெக்டர் குழுவினர் 1996இல் பிரிட்டனில் 48 முதல் 70 வயது வரையிலான 250 இரட்டையர் இணைகளின், அதாவது 500 பெண்களின், கைகளையும் முழங்கால்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். கை, முழங்கால் தேய்மானத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 39 முதல் 65 சதவீதம் வரை மரபால் விளக்கத்தக்கது என்று முடிவு வந்தது. இடுப்பு மூட்டில் மரபின் பங்கு முழங்காலைவிட அதிகம் என்பதைப் பின்னாளைய இரட்டையர் ஆய்வுகள் காட்டின.

இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "என் முழங்கால் வலியில் பாதி அம்மா கொடுத்தது" என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே வயலில், ஒரே தண்ணீரில் வளரும் நெற்பயிரில் உயர வேறுபாடு தெரிந்தால் அது பெரும்பாலும் விதையால் வந்ததாக இருக்கும். அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் அதே விதைகள் எல்லாமே குட்டையாகும். மரபின் பங்கு எத்தனை சதவீதம் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய அளவு. சூழல் மாறினால் அந்தக் கூட்டம் முழுவதன் நிலையும் மாறிவிடும்.

மாறியும் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். 50 வயதைக் கடந்து இறந்த அமெரிக்கர்களின் எலும்புக்கூடுகளை அவர்கள் காலவாரியாகப் பார்த்தார்கள். வரலாற்றுக்கு முந்தைய வேட்டைச் சமூகத்தினரிலும் தொடக்ககால விவசாயிகளிலும் 8 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானத்தின் தடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்களில் 6 சதவீதம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர்களில் 16 சதவீதம். ஆயுள் கூடியதையும் உடல் எடை கூடியதையும் கணக்கில் கழித்த பிறகும் நோய் இரு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் மரபணுக்கள் அப்படி மாறுவதில்லை. ஆகவே இரட்டையர் ஆய்வும் உண்மை, எலும்புக்கூட்டு ஆய்வும் உண்மை. சமூகம் முழுவதற்கும் ஆபத்து ஏன் உயர்ந்தது என்பதற்கு வாழ்முறையில் விடை தேட வேண்டும். அந்தச் சமூகத்துக்குள் இவருக்கு வந்து அவருக்கு ஏன் வரவில்லை என்பதன் ஒரு பகுதிக்கு மட்டுமே மரபணு விடை சொல்லும்.

ஒற்றை மரபணுப் பிழையே மூட்டை அழிக்கும் அரிய குடும்பங்களும் உண்டு. குருத்தெலும்பின் முக்கிய இழையான இரண்டாம் வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில், 519ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் வந்திருந்த ஒரு குடும்பத்தை 1990இல் டார்வின் பிராக்கப் குழுவினர் விவரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே பல மூட்டுகள் தேய்ந்துபோயின. சாதாரண மூட்டுத் தேய்மானம் போலத் தோன்றும் ஒன்றுக்கு ஒரு மரபணுவின் ஓர் எழுத்தே காரணமாக முடியும் என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அல்காப்டோனூரியா. ஹோமோஜென்டிசிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்து சேரும்போது இந்த நோய் உண்டாகிறது. சிறுநீர் காற்றுப்பட்டால் கறுக்கும். சிதையாத அமிலம் ஆண்டுக்கணக்காகக் குருத்தெலும்பில் படிந்து அதையும் கறுப்பாக்கி நொறுங்க வைக்கும். முப்பதுகளில் முதுகுவலி வரும், பின்னர் முழங்காலும் இடுப்பும் தோளும் பழுதாகும். ஆர்ச்சிபால்டு கேரட் 1902இல் மெண்டலின் மரபு விதியை மனித நோய் ஒன்றோடு முதன்முதலாகப் பொருத்திக் காட்டியது இந்த நோயை வைத்துத்தான். உலக அளவில் இரண்டரை லட்சம் பேருக்கு ஒருவரைவிடவும் குறைவாகக் காணப்படும் இது, நரிக்குறவர் சமூகத்தில் பல மடங்கு அதிகம் என்பதையும், அதற்குக் காரணமான ஒரே மரபணு மாற்றம் மூதாதையர் ஒருவரிடமிருந்து பரவியிருக்கிறது என்பதையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. நிடிசினோன் என்ற மருந்து அந்த அமிலம் உற்பத்தியாவதையே பெருமளவு குறைக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பெரியவர்களுக்கு அதை அனுமதித்தது. இளவயதில் மூட்டு தேய்ந்து வரும் நரிக்குறவர் ஒருவருக்கு வெறும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவது பெரும் அநீதி. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று அவருக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

இவை விதிவிலக்குகள். கோடிக்கணக்கானோரின் முழங்கால் நோய்க்குப் பின்னால் இருப்பவை, எல்லோரிடமும் பரவலாகக் காணும் சிறு மாற்றங்கள்.

அவற்றைத் தேடும் வேலை முதலில் ஊகத்தில் தொடங்கியது. ஏதோ ஒரு மரபணுவுக்கு இதில் பங்கிருக்கும் என்று கருதி, சில நூறு நோயாளிகளையும் சில நூறு நலமானவர்களையும் ஒப்பிடுவார்கள். வைட்டமின் டி ஏற்பி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று ஏராளமான மரபணுக்கள் இப்படிக் குற்றம் சாட்டப்பட்டன; மறுபரிசோதனையில் பெரும்பாலானவை நிற்கவில்லை. ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தின் ஷிரோ இகெகாவா குழுவினர் 2005இல் அஸ்போரின் என்ற புரதத்தைக் கண்டுகாட்டியது அந்தக் காலத்தின் பெருஞ்செய்தி. அந்தப் புரதத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் அடுத்தடுத்துப் பல முறை வரும். 13 முறை வருவதே வழக்கம்; 14 முறை வருபவர்களிடம் முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்தது. குருத்தெலும்பைக் காக்கும் வளர்ச்சிச் சைகை ஒன்றை அந்த வடிவம் மற்றதைவிட அதிகமாக அடக்குவதும் ஆய்வகத்தில் தெரிந்தது. சீனாவிலும் இது உறுதியானது. பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஓர் இனத்தில் கண்ட ஆபத்தை இன்னோர் இனத்தின் மேல் அப்படியே ஏற்ற முடியாது என்பதற்கு அஸ்போரின் இன்றும் நல்ல சான்று.

அதே குழு 2007இல் கண்டுபிடித்த இன்னொன்று எல்லைகளைத் தாண்டி நின்றது. ஜி.டி.எஃப்.5 என்ற மரபணு கருவில் மூட்டு உருவாக வேண்டிய இடத்தைக் குறிப்பதில் பங்கெடுக்கிறது. நீளமான ஒரே குருத்துத் தண்டில் எந்த இடத்தில் இடைவெளி விழுந்து மூட்டாக வேண்டுமோ அந்த இடத்துச் செல்களில் அது விழித்துக்கொள்கிறது. இது முற்றும் பழுதான எலிகளுக்குக் கால்கள் குட்டையாகின்றன, சில மூட்டுகள் உருவாவதே இல்லை. மனிதரில் இதே மரபணுவின் கடும் பிழைகள் குட்டை விரல்களையும் குட்டைக் கைகால்களையும் உண்டாக்குகின்றன. ஜப்பானியக் குழு கண்டது இத்தகைய கடும் பிழை அன்று. மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து, டி அல்லது சி. டி இருந்தால் புரதம் சற்றுக் குறைவாக உற்பத்தியாகிறது, தேய்மான ஆபத்து சற்றுக் கூடுகிறது. ஜப்பான், சீனா, ஐரோப்பா எங்கும் முழங்காலில் இந்தத் தொடர்பு தெரிந்தது. ஆசியாவில் வலுவாகவும் ஐரோப்பாவில் மெலிதாகவும் தெரிந்தது.

ஆபத்தான இந்த வடிவம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? ஐரோப்பிய, ஆசிய மக்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இது உண்டு, ஆப்பிரிக்காவில் அரிது. டெரன்ஸ் கப்பெலினி, டேவிட் கிங்ஸ்லி குழுவினர் 2017இல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஜி.டி.எஃப்.5 அருகில் எலும்பின் நீள வளர்ச்சியை முடுக்கும் டி.என்.ஏ பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஏற்பட்ட ஒரு மாற்றம் எலும்பைச் சற்றுக் குட்டையாக்குகிறது. மனிதர் ஆப்பிரிக்காவை விட்டு வடக்கே குளிர் நாடுகளுக்குப் போனபோது அந்த வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் தடம் டி.என்.ஏவில் தெரிகிறது, குளிரில் குட்டைக் கைகால்கள் உடற்சூட்டைக் காத்திருக்கலாம், எலும்பு முறிவைக் குறைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நியாண்டர்தால், டெனிசோவன் மனிதர்களிடமும் அந்த வடிவம் இருந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டே மூட்டுத் தேய்மான ஆபத்தும் வந்து சேர்ந்தது. முழங்கால் தேய்வது பிள்ளை பெற்று வளர்த்த வயதுக்குப் பிறகு என்பதால் இயற்கைத் தேர்வு அதைக் களையவில்லை.

அடுத்து 2020இல் கப்பெலினி குழு முழங்காலையே எடுத்துக்கொண்டது. முழங்கால் குருத்தெலும்புச் செல்களில் மரபணுக்களை இயக்கும் டி.என்.ஏ விசைகளை ஆராய்ந்தபோது, மனிதர் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய காலத்தில் அவை வேகமாக மாறி, பிறகு மாறாமல் காக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஜி.டி.எஃப்.5க்கு அருகில் முழங்காலில் வேலை செய்யும் விசை ஒன்றை எலிகளில் நீக்கியபோது முழங்காலின் வடிவம் மாறியது. வயதானபின் அந்த எலிகளுக்குத் தேய்மானம் வந்தது. அறுபது வயதில் வலிக்கும் நோயின் வேர் ஒரு பகுதி தாயின் வயிற்றில் மூட்டு வார்க்கப்படும் வாரங்களில் இருக்கிறது. முழங்கால் பற்றிய மரபணு ஆராய்ச்சி இதுவரை சொன்னவற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுதான்.

இதற்கிடையே ஊகத்தை விட்டுவிட்டு டி.என்.ஏ முழுவதையும் ஒரே வலையில் தேடும் முறை வந்தது. பிரிட்டனில் 2012இல் நடந்த ஆய்வில் 7,410 நோயாளிகளும் 11,009 ஒப்பீட்டாளர்களும் இருந்தார்கள். எட்டு இடங்கள் அகப்பட்டன. எலெஃப்தீரியா செகினி முன்னின்று நடத்திய பன்னாட்டுக் கூட்டணி 2021இல் 8,26,690 பேரின் தரவை அலசி 100 மாற்றங்களைப் பட்டியலிட்டது. 2025இல் வெளியான அடுத்த அலசலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர். கிடைத்த தொடர்புகள் 962, அவற்றில் 513 புதியவை. ஏறத்தாழ 700 மரபணுக்கள் நோயோடு நேரடியாக இணைத்துக் காட்டப்பட்டன. எலும்பு வளர்ச்சி, குருத்தெலும்பு அமைப்பு, உடலின் நாள் கடிகாரம் என்று அவை பலவிதமான வேலைகளைச் செய்கின்றன.

எண்ணிக்கை இவ்வளவு பெருகியும் தனியொருவரின் எதிர்காலம் தெளியவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின் வலுவும் சிறிது என்பதே காரணம். ஒரு மாற்றத்தால் ஆபத்து 15 சதவீதம் கூடுகிறது என்று படித்தால் அச்சமாக இருக்கும். நூறு பேரில் இருபது பேருக்கு வரக்கூடிய நோய் இருபத்துமூன்று பேருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். எல்லா மாற்றங்களையும் கூட்டி மதிப்பெண் போட்டாலும், வயது, பால், எடை, பழைய மூட்டுக் காயம் ஆகிய நான்கும் சொல்வதற்கு மேல் அது சேர்ப்பது சொற்பமே. உமிழ்நீரை அனுப்பினால் மூட்டு ஆபத்தைச் சொல்கிறோம் என்று விற்கப்படும் பரிசோதனைகளுக்கு, அரிய ஒற்றை மரபணு நோய்ச் சந்தேகம் இல்லாத யாரும் காசு செலவழிக்கத் தேவையில்லை என்பது என் திடமான கருத்து.

ஆபத்தை உயர்த்தும் எல்லா மரபணுக்களும் மூட்டில் வேலை செய்பவையும் அல்ல. 2012 ஆய்வில் கிடைத்தவற்றுள் ஒன்று எஃப்.டி.ஓ, அது உடல் பருமனோடு தொடர்புள்ளது என ஏற்கெனவே பெயர் பெற்றது. அதன் கைவரிசை முழங்காலை எட்டுவது எடையின் வழியாக. பிறவியிலேயே அமைந்த எடை மரபணுக்களைக் கொண்டு காரணத்தைச் சோதிக்கும் முறையில் பார்த்தபோதும், எடை கூடுவது முழங்கால் தேய்மானத்துக்கு உடன்வரும் ஒன்றாக இல்லாமல் காரணமாகவே இருப்பது உறுதியானது. மரபணுவில் எழுதியிருந்தும் மாற்றக்கூடிய ஆபத்து இது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஆய்வில் பத்தாண்டுகளில் சுமார் 5 கிலோ குறைந்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியதை டேவிட் ஃபெல்சன் 1992லேயே காட்டிவிட்டார். எடை குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியை வைத்து 2024இல் வெளியான சோதனையில் பருமனான 407 முழங்கால் நோயாளிகள் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்களின் வலி, போலி ஊசி பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது.

உட்காரும் விதமும் கணக்கில் வருகிறது. பெய்ஜிங்கில் 60 வயதைக் கடந்தோரை ஃப்ரேமிங்காம் மக்களோடு ஒப்பிட்ட ஆய்வில், மெலிந்த உடல்கொண்ட சீனப் பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் அமெரிக்கப் பெண்களைவிட அதிகமாக இருந்தது. இடுப்புத் தேய்மானமோ சீனர்களிடம் மிக அரிது. இளவயதில் நாளுக்குப் பல மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்களிடம் முழங்கால் பாதிப்பு கூடியிருந்தது 2004இல் தெரிந்தது. இடுப்பைக் காத்த மரபோ மூட்டு வடிவமோ முழங்காலைக் காக்கவில்லை. நடவு, களையெடுப்பு, தரையில் அமர்ந்து செய்யும் வேலை என்று முழங்காலை மடக்கியே வாழ்நாளைக் கழிக்கும் நம் ஊர்ப் பெண்களைப் பற்றி யோசிக்க இந்த ஆய்வு இடம் தருகிறது.

நோயைத் தொடங்கி வைக்கும் மாற்றங்களும், தொடங்கிய நோயை வேகப்படுத்தும் மாற்றங்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அழற்சியை மூட்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் இயற்கைப் புரதம் ஒன்று நம் உடலில் உண்டு. அதன் மரபணுவில் அருகருகே உள்ள மூன்று எழுத்துகள் எந்தச் சேர்க்கையில் அமைகின்றன என்பதைப் பொறுத்து எக்ஸ்ரேயில் முழங்கால் பாதிப்பின் கடுமை வேறுபடுவதை நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் இன்டர்லூக்கின்-1ஐ அடக்கும் மருந்துகளை முழங்கால் நோயாளிகளுக்கு நேரடியாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஏமாற்றமே தந்தன. இதய நோயாளிகள் 10,061 பேரிடம் கனகினுமாப் என்ற மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வின் தரவைப் பின்னர் புரட்டிப் பார்த்தபோது, அதைப் பெற்றவர்களுக்கு இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகத் தேவைப்பட்டிருந்தது. அது மூட்டுக்காகத் திட்டமிட்ட ஆய்வு அன்று. யாருக்கு அழற்சி நோயை ஓட்டுகிறது, யாருக்கு வடிவக்கோளாறு ஓட்டுகிறது என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததுதான் பழைய தோல்விகளுக்குக் காரணமா என்ற கேள்வியை அது எழுப்பியது. அப்படிப் பிரிக்க மரபணு உதவுமானால் அது பெரிய முன்னேற்றம்.

மருந்துக்கு வழிகாட்டிய இன்னொரு கண்டுபிடிப்பு ஐஸ்லாந்திலிருந்து வந்தது. கடுமையான கைமூட்டுத் தேய்மானத்தோடு ஏ.எல்.டி.எச்.1ஏ2 என்ற மரபணுவுக்குத் தொடர்பு இருப்பதை 2014இல் கண்டார்கள். வைட்டமின் ஏயிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தைத் தயாரிப்பது இதன் வேலை. ஆபத்தான வடிவம் உள்ளவர்களின் மூட்டில் அந்த அமிலம் குறைகிறது, அழற்சி ஏறுகிறது. அமிலம் சிதையாமல் தடுக்கும் டலரோசோல் என்ற மருந்து எலிகளின் மூட்டில் அழற்சியையும் குருத்தெலும்புச் சேதத்தையும் குறைத்தது என்று ஆக்ஸ்ஃபோர்டு குழு 2022இல் அறிவித்தது. 2025 அலசலில் கிடைத்த மரபணுக்களில் 69 மரபணுக்களின் புரதங்களுக்கு ஏற்கெனவே வேறு நோய்களுக்காக அனுமதி பெற்ற மருந்துகள் இருக்கின்றன. தேய்ந்த குருத்தெலும்பைக் காக்கும் மருந்து ஒன்றுகூட இன்றுவரை இல்லாத நோய்க்கு இது நிஜமான நம்பிக்கை.

அந்த 19 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தியாவில் முழங்கால் மரபணு பற்றி நடந்தவை பெரும்பாலும் சில நூறு பேரைக் கொண்ட சிறு ஆய்வுகளே. ஜி.டி.எஃப்.5, அஸ்போரின் போன்ற பழைய பெயர்களைத்தான் அவை மறுபடி சோதித்தன. நம் மரபு அமைப்போ தனித்துவமானது. ஹைதராபாத் சி.சி.எம்.பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரீச்சும் 2017இல் தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், ஒரு சிறு மூதாதைக் குழுவிலிருந்து பெருகித் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துவந்ததன் தடத்தை ஃபின்லாந்து மக்களைவிடவும் அழுத்தமாகக் கொண்டிருந்தன. நரிக்குறவரிடம் ஒரு மூட்டு நோய் தேங்கியது போல வேறு சமூகங்களிலும் இன்னும் பெயரிடப்படாத மூட்டு மாற்றங்கள் தேங்கியிருக்க இடமுண்டு.

இந்திய மரபணுத் திட்டம் 10,000 பேரின் முழு டி.என்.ஏவைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அடித்தளம் கிடைத்துவிட்டது. ஆனால் டி.என்.ஏ மட்டும் முழங்காலைப் பற்றி எதுவும் சொல்லாது. ரத்தம் கொடுத்தவருக்கு முழங்கால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எடையும் வயதும் வலியின் அளவும் குறிக்கப்பட வேண்டும். வயலில் எத்தனை ஆண்டு குனிந்தார், தரையில் எத்தனை மணி நேரம் அமர்ந்தார், தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் மூட்டு எப்படி இருந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும். மூட்டு மாற்று அறுவை நடக்கும் அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் ஒப்புதலோடு இந்த விவரங்களையும், வெட்டி எடுக்கப்படும் குருத்தெலும்பின் ஒரு துண்டையும் சேமிக்கத் தொடங்கினால், பத்தாண்டுக்குள் நம் முழங்கால்களைப் பற்றி நாமே கேட்கவும் விடை காணவும் போதிய தரவு சேரும்.